மண்ணூர்பேட்டை ஸ்கூட்டர்களும் பாடி சொல்லும் பாடமும்

ஒரு புது ஸ்கூட்டர் தெருவுக்குள் நுழையும் நாளில் நடப்பவை வாசகர்கள் அறியாதவை அல்ல. முகப்பில் மாலை, கண்ணாடிகளில் சந்தனம் குங்குமம், சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம், அண்டை வீடுகளுக்கு இனிப்பு. கடன் வாங்கித்தான் எடுத்தது என்றாலும் அன்றைக்கு அந்தக் கவலை யாருக்கும் இருப்பதில்லை. ஆனால் அந்த வண்டி அதற்குப் பிறகு பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடப் போகிறது. வாங்கும் நாளுக்குச் சடங்கு வைத்திருக்கும் நாம், வைத்திருக்கும் நாட்களுக்கு ஒன்றும் வைக்கவில்லை. ஆயுத பூஜை இருக்கிறதே என்பீர்கள். அது ஆண்டுக்கு ஒரு முறை. அன்றும் கழுவிப் பொட்டு வைப்பதோடு சரி. பிரேக் ஷூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அன்று குனிந்து பார்ப்பவர் அரிது.

'பேணுதல்' என்று நம் மொழியில் ஒரு பழைய சொல் உண்டு. உடலைப் பேணுகிறோம், விருந்தினரைப் பேணுகிறோம், நட்பைப் பேணுகிறோம். இயந்திரத்தை மட்டும் பேணுவதில்லை, 'சர்வீஸுக்கு விடுகிறோம்'. இந்தச் சொல் மாற்றத்துக்குள் ஒரு மனப்பான்மை ஒளிந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இக்கட்டுரை. ஸ்கூட்டரைப் பேணுவது தனிமனிதரின் சொந்தப் பழக்கம் என்று நினைக்கிறோம். அது ஓர் ஊரின் பொதுக்காரியம் என்பது எங்கள் கருத்து. அதை ஓட்டுபவர் கையிலிருந்து நழுவவிட்டதில் நிறுவனங்களுக்கும் அரசுக்கும் நமக்கும் பங்கு இருக்கிறது. இதைச் சொல்ல மண்ணூர்பேட்டையைவிடப் பொருத்தமான இடம் சென்னையில் இல்லை. காரணம் பின்னால் வரும்.

*

மண்ணூர்பேட்டை, சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலையில் பாடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே இருப்பது. கிழக்கே போனால் சம்பந்தர் பாடிய திருவலிதாயம் கோயில் கொண்டிருக்கும் பாடி. மேற்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை, 1960களில் அரசு உருவாக்கியது. நகராட்சியாக இருந்த அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. லேத் பட்டறைகள், அச்சு வார்ப்புக் கூடங்கள், ஆயத்த ஆடை நிறுவனங்கள், பின்னாளில் வந்த கணினி அலுவலகங்கள் என்று உழைப்பின் பல தலைமுறைகள் ஒரே இடத்தில் நெருக்கியடித்து இருக்கும் பகுதி இது.

இங்கே ஸ்கூட்டர் ஏன் இத்தனை என்று கேட்டால், பதில் வரைபடத்திலேயே இருக்கிறது. பஸ் ஓடுவது நெடுஞ்சாலையில். ஆலைகள் இருப்பது உள்தெருக்களில். பட்டரவாக்கத்திலோ கொரட்டூரிலோ மின்சார ரயிலை விட்டு இறங்குபவருக்கும் மிச்சமிருக்கும் தூரம் கணிசமானது. விடியற்காலை ஷிப்டுக்குப் போகிறவரும் இரவு ஷிப்டு முடிந்து வருகிறவரும் ஷேர் ஆட்டோவை நம்ப முடியாது. கணவருக்கு ஒரு ஷிப்டு, மனைவிக்கு வேறொரு இடத்தில் வேலை, பிள்ளைக்குப் பள்ளி, நடுவில் ரேஷன் கடை. இவ்வளவையும் ஒரே நாளில் கோத்துத் தருவது அந்த வண்டிதான். முன்பக்கத் தளத்தில் காலையில் பிள்ளையின் புத்தகப் பை, மாலையில் இருபது லிட்டர் தண்ணீர் கேன், மாதத்துக்கு ஒரு முறை அரிசி மூட்டை.

எனவே இதை வசதிப்பொருள் என்று சொல்வது தவறு. பொதுப் போக்குவரத்து நிரப்பாமல் விட்ட இடைவெளியை ஒவ்வொரு குடும்பமும் தன் சொந்தக் காசில் நிரப்பிக்கொண்டதன் பெயர்தான் ஸ்கூட்டர். பொதுவேலையைச் செய்கிற ஒரு பொருளின் நலம் பொதுக்கவலையாக இருக்க வேண்டாமா?

*

இந்த வண்டியின் கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். 1946இல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் வெஸ்பாவை வெளியிட்டது. அதை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிள்களை விரும்பாதவர். சங்கிலியின் எண்ணெய் உடையில் தெறிக்கக் கூடாது, பாவாடை அணிந்தவரும் ஏறி உட்கார முடிய வேண்டும், டயர் பஞ்சரானால் ஓட்டுபவரே சக்கரத்தைக் கழற்றி மாட்ட முடிய வேண்டும் என்பவை அவர் யோசனைகள். விமானத்தின் இறங்கு சக்கரம் போல ஒரே பக்கத்தில் தாங்கி நிற்கும் சக்கரம் இந்த மூன்றாவது யோசனையிலிருந்து வந்தது. ஆக, ஸ்கூட்டர் பிறக்கும்போதே, ஓட்டுபவர் தன் கையால் பழுது பார்ப்பார் என்ற எதிர்பார்ப்போடுதான் பிறந்தது.

இந்தியாவில் 1950களில் பம்பாயில் லாம்பிரெட்டாவும், அடுத்த பத்தாண்டில் புனேயில் பஜாஜ்-வெஸ்பாவும் வந்தன. நம் திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலைகூட 1960களில் ஃபான்டாபுலஸ் என்று ஒரு ஸ்கூட்டர் செய்தது. பியாஜியோவுடனான ஒப்பந்தம் 1971இல் முடிந்த பின் பஜாஜ் தன் பெயரிலேயே 1972இல் சேத்தக்கைக் கொண்டுவந்தது. உரிமங்களும் ஒதுக்கீடுகளும் ஆண்ட காலம் அது. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வரதட்சணைப் பட்டியலில் ஸ்கூட்டர் இடம்பெற்றதும் அந்தத் தட்டுப்பாட்டின் விளைவுதான்.

காத்திருந்து பெற்ற பொருளுக்கு மதிப்பு அதிகம். அதைவிட முக்கியம், அந்த வண்டி தன்னைக் கற்றுக்கொள்ளுமாறு உடையவரைக் கட்டாயப்படுத்தியது. பெட்ரோலோடு டூ-டி எண்ணெய் எவ்வளவு கலப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். ப்ளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தெரிய வேண்டும். கிளம்பாத காலையில் சோக் இழுத்து, வண்டியை ஒரு பக்கம் சாய்த்து, பிறகு உதைக்க வேண்டும். பஞ்சரானால் ஸ்டெப்னியை மாட்ட வேண்டும். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நாங்கள் முன்வரவில்லை. புகையும் சத்தமும் எடையும் கொண்ட அந்த வண்டிகள் பெண்களையும் முதியவர்களையும் பெரும்பாலும் பின் இருக்கையிலேயே உட்கார வைத்தன. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: உடையவருக்கும் உடைமைக்கும் நடுவே அன்று ஓர் அறிமுகம் இருந்தது.

1984இல் கைனடிக் ஹோண்டா கியரையும் உதைப்பையும் தேவையற்றதாக்கியது. 1990களில் ஓசூரிலிருந்து டிவிஎஸ் ஸ்கூட்டி வந்தது. 2001இல் ஹோண்டா ஆக்டிவா. சேத்தக்கின் உற்பத்தி அடுத்த சில ஆண்டுகளில் நின்றது. பஜாஜ் ஸ்கூட்டர் தொழிலையே கைவிட்டு, 2020 ஜனவரியில்தான் அதே பெயரை மின்வண்டிக்குச் சூட்டித் திரும்பி வந்தது. கியர் போனதும் வண்டி எல்லாருக்கும் உரியதாயிற்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் ஓட்டக் கற்றதைச் சமூக வரலாறாகக் கொண்டாடுகிறோம். அதற்கு இணையான ஒரு மாற்றம், எந்த இயக்கமும் மேடையும் இல்லாமல், கியரில்லா ஸ்கூட்டரால் நம் புறநகர்த் தெருக்களில் நடந்து முடிந்திருக்கிறது. தமிழ்க் கதைகளில் சைக்கிளுக்குக் கிடைத்த இடம் இந்த வண்டிக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பது எங்கள் மனக்குறை.

அரசும் இதை உணர்ந்திருந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய், மானியமாகத் தரும் 'அம்மா இருசக்கர வாகனத் திட்டம்' 2018 பிப்ரவரி 24 அன்று சென்னையில் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்கள் என்பது இலக்கு. 2021 ஆட்சி மாற்றத்துக்குப் பின் அது தொடரவில்லை. அந்த ஆண்டு மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. எது சிறந்தது என்ற கட்சி விவாதம் இங்கே வேண்டாம். நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஸ்கூட்டர் வாங்க மானியம் தந்த திட்டம், அதை நல்ல நிலையில் வைத்திருக்க ஒரு நாள் பயிற்சியைக்கூடத் தன் மையத்தில் வைக்கவில்லை. வண்டி கைக்கு வந்தவுடன் கடமை முடிந்தது என்று அரசும் நினைக்கிறது, வீடும் நினைக்கிறது.

*

பேணுதல் என்றால் என்ன என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மைலேஜைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம் பிரேக்கைப் பற்றிப் பேசுவதே இல்லை.

முதலில் எண்ணெய். கியரில்லா ஸ்கூட்டரின் எஞ்சினில் இருப்பது ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெய். இருப்பது குறைவு என்பதால் சிறிது குறைந்தாலும் பாதிப்பு பெரிது. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் எண்ணெய் குறைந்தால் எரியும் விளக்கு கிடையாது. அளவுகோலை உருவித் துடைத்துப் பார்ப்பது ஒன்றே வழி. வண்டியைச் சம தரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பார்க்க அரை நிமிடம் ஆகும். இதைச் செய்பவர்கள் நம் தெருவில் எத்தனை பேர்?

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெய் மாற்ற வேண்டும் என்று கையேடு சொல்கிறது. ஆனால் பாடி சந்திப்பில் சிக்னலுக்குக் காத்து நிற்கும் நிமிடங்களைக் கிலோமீட்டர் முள் எண்ணுவதில்லை. எஞ்சின் அப்போதும் சுழல்கிறது, எண்ணெய் அப்போதும் சூடாகிறது. மாறாக, வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஆலை இருப்பவருக்கு எஞ்சின் சரியாகச் சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிடுகிறது. உள்ளே கசியும் ஈரம் ஆவியாகாமல் எண்ணெயிலேயே தங்குகிறது. நகரத்து வண்டி 'குறைவாகத்தான் ஓடியிருக்கிறது' என்பது ஆறுதலுக்குச் சொல்லிக்கொள்வது.

கியருக்குப் பதிலாக ஸ்கூட்டருக்குள் ஒரு ரப்பர் பெல்ட்டும் சில ரோலர்களும் வேலை செய்கின்றன. நின்று நின்று நகரும் நெரிசலில் கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடேறுகிறது. பெல்ட் அறுவதற்கு முன் அறிகுறி காட்டுவதும் உண்டு, காட்டாமல் போவதும் உண்டு. லாரிகள் புழுதி கிளப்பும் தொழிற்பேட்டைச் சாலையில் ஏர் ஃபில்டர் கையேடு சொல்லும் காலம்வரை தாங்காது. எண்ணெய் தோய்ந்த காகித ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது.

இவையெல்லாம் பர்சைப் பாதிப்பவை. உயிரைப் பாதிப்பவை இரண்டு: டயரும் பிரேக்கும். ஸ்கூட்டரின் சக்கரம் சிறியது. பெரிய சக்கரம் தாண்டிப் போகும் குழியில் சிறிய சக்கரம் இறங்கி ஏறுகிறது. ஆகவே காற்றின் அளவு இங்கே அதிக முக்கியம். பின்னால் ஒருவர் ஏறினால் பின் சக்கரத்துக்குக் கூடுதல் காற்று வேண்டும் என்று வண்டியிலேயே ஒட்டியிருப்பார்கள். மூவர் போகும் குடும்பங்களும் ஒருவருக்கான காற்றிலேயே ஓட்டுகின்றன. டயரின் பள்ளங்களுக்குள் தேய்மானக் குறி ஒன்று உண்டு. டயர் அதோடு சமமாகிவிட்டால் மழைநீரை விலக்க இடமில்லை. அதற்குமேல் ஓட்டுவது ஈரத்தரையில் சோப்பின் மேல் நடப்பது போல.

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு இணைந்த பிரேக் அமைப்பு கட்டாயம். ஒரு பிடியை அழுத்தினால் இரு சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் கேபிள் தளர்ந்தாலோ ஷூ தேய்ந்தாலோ அந்த ஏற்பாடு ஏட்டில் மட்டும்தான் இருக்கும். டிரம் பிரேக்கின் ஷூவை மாற்ற ஆகும் செலவு, ஒரு குடும்பம் ஓட்டலில் ஒரு வேளை சாப்பிடும் செலவைத் தாண்டாது. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது, அவர்களில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இந்தச் சாவுகளுக்கெல்லாம் பிரேக் காரணமில்லை. வேகம், சாலை, தலைக்கவசம் என்று பல உண்டு. ஆனால் மற்றவை அனைத்தும் கைவிட்ட பின் கடைசியாக நம்மிடம் மிஞ்சுவது அந்தப் பிடிதான்.

அடுத்து மழை. 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னை மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை நீரில் நின்றது. நீரில் மூழ்கிய வண்டியை, நீர் வடிந்ததும் செல்ஃப் அடித்துப் பார்ப்பதுதான் எவரும் செய்யும் முதல் காரியம். செய்யவே கூடாத காரியமும் அதுதான். காற்று போகும் வழியில் நீர் ஏறியிருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் உள்பாகங்கள் வளைந்துவிடும். ப்ளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, எண்ணெய் மாற்றி, ஃபில்டர் மாற்றி, பிறகுதான் கிளப்ப வேண்டும். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நினைப்பவர்கள் கவனிக்கவும். 2018 செப்டம்பர் முதல் புது வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அது நம் வண்டியால் பிறருக்கு நேரும் கேட்டுக்கானது. நம் வண்டியின் சேதத்துக்கு அதில் காசு இல்லை. சொந்தச் சேதக் காப்பீடு வைத்திருப்பவருக்கும், நீர் புகுந்த எஞ்சினைக் கிளப்பியதால் வந்த கேடு என்றால் மறுப்பு வரலாம்.

*

இனி, மண்ணூர்பேட்டையைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று ஏன் சொன்னோம் என்பதற்கு வருவோம். இந்தச் சாலையில் பாடியில் 1960களில் அடுத்தடுத்து எழுந்த ஆலைகளின் பெயர்களைப் பாருங்கள்: லூகாஸ்-டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம்-கிளேட்டன், சுந்தரம் ஃபாஸனர்ஸ். நாட்டின் வாகனங்களுக்குப் பிரேக்கும் சக்கரமும் போல்ட்டும் மின்பாகமும் செய்து தந்த ஊர் இது. 1998இல் சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. நான்கு ஆண்டுகள் கழித்து ஓசூரின் டிவிஎஸ் மோட்டாருக்கும் அதே பரிசு.

தரத்துக்கான இந்த ஜப்பானிய இயக்கங்களோடு சேர்ந்து வந்த ஒன்று 'முழுமைப் பராமரிப்பு' என்னும் கொள்கை. தொழிற்பேட்டையில் அதை டி.பி.எம். என்று எல்லாரும் அறிவார்கள். 1970களின் தொடக்கத்தில் நிப்பான்டென்சோ ஆலையில் உருப்பெற்று, செய்ச்சி நகாஜிமா என்பவரால் உலகெங்கும் பரப்பப்பட்டது. அதன் அடிப்படை எளிது. இயந்திரத்தை ஓட்டுவது ஒருவர், பழுது பார்ப்பது வேறொருவர் என்று பிரித்ததுதான் முதல் தவறு. ஓட்டுபவரே அன்றாடம் அதைத் துடைத்து, எண்ணெயிட்டு, தளர்ந்ததை முடுக்க வேண்டும். துடைப்பதே சோதிப்பது, ஏனெனில் துடைக்கும் கைக்குத்தான் விரிசலும் கசிவும் முதலில் தெரியும். கடினமான பழுதுக்கு மட்டுமே நிபுணர்.

இந்தச் சாலையின் பல ஆலைகளில் தொழிலாளி தன் ஷிப்டைத் தொடங்கும் முன் சோதனைப் பட்டியல் ஒன்றை நிரப்புகிறார். எண்ணெய் அளவு சரியா, அழுத்தம் சரியா, பாதுகாப்புத் தடுப்பு சரியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிக்கிறார். அது முதலாளியின் இயந்திரம். ஷிப்டு முடிந்ததும் அதே மனிதர் வாயிலுக்கு வெளியே நிற்கும் தன் வண்டியில், பின் டயர் வழுக்கையாகி, பிரேக் பிடி கைப்பிடிவரை வரும் நிலையில், பிள்ளையை ட்யூஷனிலிருந்து அழைத்துவரக் கிளம்புகிறார். பிரேக் செய்யும் ஊரில் தேய்ந்த பிரேக்கோடு வீடு திரும்புகிறோம். இதை அலட்சியம் என்று ஒரு சொல்லில் முடிக்க எங்களுக்கு மனமில்லை. ஆலையில் பேணுவதற்கு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, கருவி இருக்கிறது, கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறார், கேட்க மேலாளர் இருக்கிறார். வீட்டு வண்டிக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. திறமை இல்லாத குறை அல்ல இது; அந்தத் திறமைக்கு வாயிலுக்கு வெளியே இடம் அமையாத குறை.

ராபர்ட் பிர்சிக்கின், ஜென்னையும் மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் தலைப்பிலேயே சேர்த்த 1974ஆம் ஆண்டுப் புத்தகத்தை இலக்கிய வாசகர்கள் பலர் படித்திருப்பார்கள். அதில் வரும் நண்பர் ஜான், விலையுயர்ந்த பி.எம்.டபிள்யூ வண்டி வைத்திருப்பவர், அதன் உள்ளே எட்டிப் பார்க்கவே மறுப்பவர். தளர்ந்துபோன கைப்பிடிக்குப் பீர் டின்னிலிருந்து ஒரு தகட்டை வெட்டிச் செருகலாம் என்று கதைசொல்லி சொல்லும்போது அவருக்கு அது அவமானமாகப் படுகிறது. நம் சாலையோர மெக்கானிக் தகடு வெட்டிச் செருகாத நாளே இல்லை. அவருக்கு அந்தப் புத்தகத்தில் புதிதாக ஒன்றும் இருக்காது. நம்மில் பெரும்பாலோரோ, ஜானின் காசு இல்லாமலேயே ஜானின் மனத்தைப் பெற்றுவிட்டோம்.

*

அந்த மெக்கானிக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மரத்தடியில் ஒரு தகரப் பெட்டி, ஸ்பானர் வரிசை, காற்றடிக்கும் இயந்திரம், உட்காரப் பழைய டயர். இத்தனை காலமும் இந்தப் பகுதியின் பொதுப் போக்குவரத்தை உண்மையில் ஓடவைத்தவர் அவர்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் ஸ்கூட்டர்களில் கார்புரேட்டர் போய் எரிபொருள் உட்செலுத்தும் அமைப்பு வந்தது. காற்று மாசு குறைய அது தேவை, சந்தேகமில்லை. ஆனால் கோளாறு என்னவென்று வண்டியிடம் கேட்கவே இப்போது தனிக் கருவி வேண்டும். சில மாடல்களில் கிக்கர்கூட இல்லை. பேட்டரி இறங்கினால் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். காதால் கேட்டுக் கோளாறு சொன்ன அந்த மனிதர், இன்று டயருக்கும் பிரேக்குக்கும் மட்டும் உரியவராகச் சுருங்கிக்கொண்டிருக்கிறார்.

பதிலுக்குக் கிடைத்திருப்பது என்ன? கண்ணாடி அறை, குளிர்சாதனம், காப்பி. எங்கள் குழுவினர் சேர்ந்து பேசியபோது ஒவ்வொருவரிடமும் ஒரே கதை இருந்தது. வண்டியை விட்டுவிட்டு மாலை எடுக்கிறோம். பட்டியலில் இருபது வரிகள். வாட்டர் வாஷ் பளபளக்கிறது. பிரேக் இரண்டு நாளில் பழையபடி தளர்கிறது. எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமல்ல. வாடிக்கையாளர் வேலை நடக்கும் இடத்துக்குள் போகக் கூடாது, பழைய பாகத்தைக் கேட்டு வாங்கும் வழக்கமில்லை என்ற ஏற்பாடே பிரச்சினை. பார்க்க முடியாத வேலைக்குப் பொறுப்பேற்பவரும் இருக்க மாட்டார்.

மின்வண்டி வந்தால் இந்தத் தொல்லை தீரும் என்று நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். எண்ணெய் இல்லை, ப்ளக் இல்லை, ஃபில்டர் இல்லை. உண்மைதான். சென்னை ஐ.ஐ.டி.யில் தொடங்கிய ஏத்தர் 2018இல் வண்டியை வெளியிட்டது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் இன்று மின் ஸ்கூட்டர்களின் முக்கிய உற்பத்தித் தலங்கள். ஆனால் டயரும் பிரேக்கும் சாலையின் குழியும் மின்வண்டிக்கும் உண்டு. மிச்சமுள்ள கோளாறுகளோ மென்பொருளுக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கின்றன. மரத்தடி மெக்கானிக்குக்கும் உடையவருக்கும் அங்கே கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்தப்பட்டிருக்கிறது.

வேலை பார்த்துக் களைத்து வருபவரிடம் இதையும் சுமத்துவதா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் கேட்பது எஞ்சினைப் பிரித்து மாட்டும் வித்தையை அல்ல. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்: எண்ணெய் அளவு, இரு டயர்களின் காற்று, பிரேக் பிடியின் தளர்வு, விளக்குகள், டயரில் குத்தி நிற்கும் இரும்புத் துருவல். வண்டியைத் துடைக்கும் அதே நேரத்தில் இவை முடிந்துவிடும். வீட்டில் யார் அதிகம் ஓட்டுகிறாரோ அவர் இதைக் கற்க வேண்டும்; பெரும்பாலான வீடுகளில் அது பெண். ஓட்டுவது அவர், வண்டியைக் 'கடைக்கு எடுத்துப் போவது' அவர் கணவரோ அண்ணனோ என்ற ஏற்பாடு இருக்கும்வரை, அவருடைய சுதந்திரத்தின் சாவி இன்னொருவர் பையில்தான் இருக்கிறது.

தனிமனிதரின் கடமை இவ்வளவே. மிச்சம் பொதுக்காரியம். அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அங்கே வார இறுதியில் வண்டி உடையவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்தலாம். சாலையோர மெக்கானிக்குகளுக்குப் புதிய எஞ்சின்களிலும் மின்வண்டிகளிலும் சான்றிதழோடு பயிற்சி தரலாம். வாகனத்துக்கு எதிர்காலத்தில் எந்த அரசு மானியம் அளித்தாலும், ஒரு நாள் பயிற்சியையும் முதல் டயர் மாற்றத்தையும் அதோடு சேர்க்கட்டும். ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்தது. அதற்கென இணைய வாயிலும் திறந்தது. மோட்டார் வாகனங்களும் அதன் வரம்பில் உண்டு. அந்த உரிமை சட்டமாகி, கோளாறு கண்டறியும் கருவியும் உதிரிபாகமும் கையேடும் நியாய விலையில், தமிழில், எல்லா மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும். தலைக்கவசம் இல்லாவிட்டால் அபராதம் விதிக்கும் காவல்துறை, மழைக்காலத்துக்கு முன் ஒரு வாரம் நெடுஞ்சாலையோரத்தில் அபராதமின்றி டயரும் பிரேக்கும் பார்த்துச் சொல்லும் முகாம் நடத்தினால் மக்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓட மாட்டார்கள்.

தொழிற்பேட்டையின் ஆலைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வாயிலுக்கு வெளியே வரிசையாக நிற்கும் அந்த வண்டிகளில்தான் உங்கள் உற்பத்தி ஒவ்வொரு நாளும் வந்து சேர்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, ஆயுத பூஜைக்கு முந்தைய சனிக்கிழமை, உள்ளே இயந்திரங்களுக்குச் செய்யும் அதே சோதனையை வெளியே நிற்கும் வண்டிகளுக்கும் செய்யுங்கள். கருவியும் உங்களிடம் இருக்கிறது, கைத்திறனும் உங்களிடம் இருக்கிறது. பொட்டு வைக்கும்போது பிரேக் ஷூவும் புதிதாக இருக்கட்டும்.